பெயர் மாற்றி விற்கிற கலர் பிலிம்: இரண்டு ரோலை இழந்த பிறகு தெரிந்துகொண்டவை

இந்த வருஷம் ஆடிவேலுக்கு அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். எண்பத்துநாலு வயது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ரதம் வரும்போது காலி வீதி ஓரத்தில் கதிரை போட்டு அவரை இருத்தி, அர்ச்சனைத் தட்டோடு அவர் காத்திருந்ததிலிருந்து ரதம் கடந்துபோன பிறகு கண்ணைத் துடைத்தது வரைக்கும் அப்பாவின் பழைய பென்டக்ஸ் கே1000இல் எடுத்தேன். இரண்டு ரோல், எழுபத்திரண்டு படம். இன்று அதில் ஒன்றைக்கூடப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட முடியாது. காரணம் கமராவோ வெளிச்சமோ இல்லை, பெட்டியில் இருந்த பெயருக்குள் என்ன பிலிம் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஐந்து ரோல் வாங்கினேன். ஒரு ரோல் 4,200 ரூபா, தெரிந்த கம்பனியின் ரோலை விட 1,500 குறைவு. பெட்டி வடிவாக இருந்தது, மேலே நான் கேள்விப்படாத ஒரு பெயர், கீழே 800 என்று வேகம் (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் உணரும் என்கிற எண்), "எந்த லாபிலும் சி-41இல் கழுவலாம்" என்று ஒரு வரி. சி-41 என்பது சாதாரணக் கலர் நெகட்டிவைக் கழுவுகிற வழக்கமான முறை. செய்தது யார் என்று எங்கேயும் இல்லை. பொதி செய்த நாடு மட்டும் போட்டிருந்தது. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. விற்பனையாளர் போட்டிருந்த மாதிரிப் படங்களில் இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் ஒளிர்ந்தது, அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். வேல் விழாவின் மின்விளக்குகள் அப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக் காசைக் கட்டினேன்.

கொழும்பில் இன்னும் கலர் நெகட்டிவ் கழுவுகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் போவது மருதானைப் பக்கம் ஒரு நானாவிடம். முப்பது வருஷமாக இதே வேலை. ரோலைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இது யாருட பிலிம்?" எனக்குத் தெரியவில்லை. கசட்டில், அதாவது பிலிம் சுற்றியிருக்கிற சிறு உருளைக் கூட்டில், ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்த்தோம். அடியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய கம்பனியின் மஞ்சள் கசட், அதில் சி-41 என்று தெளிவாக அச்சடித்திருந்தது, வேகம் 200. இரண்டு பேருக்கும் நிம்மதி. "அப்ப இது அவங்கட பிலிம்தான், பெயரை மாத்தி விக்கிறாங்க" என்றார் நானா. வேகம் ஏன் 800 என்று போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது, ஆனால் படத்தைப் பார்க்கிற அவசரத்தில் அதை விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். பெட்டி ஒரு வேகம் சொல்லி, உள்ளே கசட் வேறொரு வேகம் சொன்னால் இரண்டில் ஒன்று பொய், அல்லது இரண்டுமே பொய். எனக்கு நடந்தது இரண்டாவது.

மினிலாப் மெஷினில் ரோல்களை இரண்டிரண்டாக ஒரு லீடர் கார்டில் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். என் இரண்டு ரோலும் சேர்ந்தே போயின. வெளியே வந்தபோது நெகட்டிவ் முழுக்கக் கரி பூசினது போல இழுவல், புள்ளி புள்ளியாகக் கறுப்பு. பின்னால் போன இன்னொருவரின் ரோலிலும் அதே கறுப்புப் புள்ளிகள். நானா மூடியைத் திறந்து பார்த்தார், டெவலப்பர் தொட்டியில் கறுப்பு மிதந்தது, உருளைகளிலும் ஒட்டியிருந்தது. மனுஷன் ஒரு வார்த்தை ஏசவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு ரசாயனத்தை வடித்து, உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். நான் பக்கத்தில் நின்று துணி பிழிந்து கொடுத்தேன். அந்த மாலை எனக்கிருந்த வெட்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை. புது ரசாயனத்துக்கு என் பங்காக 28,000 ரூபா கொடுத்தேன், அவர் கேட்டது அதைவிடக் குறைவு. இன்னொருவரின் ரோலுக்கு எந்தக் காசும் ஈடாகாது.

அந்தக் கறுப்பு என்ன என்று அன்றிரவே தேடிப் படித்தேன். சினிமாக் கமராவுக்குச் செய்கிற கலர் நெகட்டிவின் முதுகில் 2025 வரைக்கும் வழக்கமாக ரெம்ஜெட் என்று ஒரு கரிப் படலம் பூசி வந்தார்கள். பிலிம் வேகமாக ஓடும்போது கீறல் விழாமலும் நிலைமின் பொறி பறக்காமலும் அது காக்கும். பிலிமை ஊடுருவிப் போகிற வெளிச்சம் திரும்பித் தெறிக்காமலும் தடுக்கும். சினிமா லாபில் ஈசிஎன்-2 என்ற முறையில் கழுவும்போது முதல் வேலையே இந்தக் கரியைக் காரக் கரைசலில் இளக்கி, தண்ணீரைப் பீய்ச்சி எடுப்பதுதான். சாதாரண சி-41 மெஷினில் அந்தக் கட்டமே கிடையாது. டெவலப்பரும் காரம் என்பதால் கரி அங்கேயே இளகித் தொட்டிக்குள் கரையும். ஆக, பெட்டியில் எழுதியிருந்த "சி-41இல் கழுவலாம்" என்பது கரியை எடுத்துவிட்ட பிலிமுக்குத்தான் பொருந்தும். என்னுடையதில் கரி அப்படியே இருந்தது.

அப்படியென்றால் அந்த மஞ்சள் கசட்? நானா வெறும் கசட்டைத் திருப்பித் தந்திருந்தார், வீட்டு மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். வாயில் ஒரு விரல் நீளத்துக்குப் பழைய பிலிமின் வால் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் ஒரு டேப் துண்டு, டேப்பின் மறுபக்கத்தில் என் பிலிமின் வெட்டின முனை. லாப்களில் மிஞ்சுகிற வெறும் கசட்டுகளை வாங்கி, அதில் நிற்கிற வாலோடு புதுப் பிலிமை ஒட்டிச் சுற்றிவிடுகிறார்கள். அதனால் கசட்டில் அச்சடித்திருப்பது போன ஜென்மத்துப் பிலிமின் விபரம். ரோலின் கடைசியில் இந்த டேப் இருப்பதால் மோட்டரில் தானாக இழுக்கிற கமராவில் பிய்ந்துபோகவும் கூடும், கசட் வாயின் வெல்வெட்டில் பழைய தூசி இருந்தால் முழு நீளத்துக்கும் கீறும். இப்போதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய கசட்டைக் கண்டால் அதன் அச்சை நான் சாட்சியாக எடுப்பதே இல்லை.

கழுவாமல் மிச்சமிருந்தவை மூன்று ரோல். ஒன்றில் இரவுப் படங்கள் எடுத்திருந்தேன், இரண்டு புதியவை. புதியதில் ஒன்றைப் பலிகொடுக்க முடிவெடுத்தேன். 4,200 ரூபாயை வெளிச்சத்தில் இழுத்துப் போடுவது வலிக்கத்தான் செய்தது, ஆனால் பாக்கி எல்லாவற்றையும் அதுதான் சொல்லித் தந்தது. முதலில் முதுகைப் பார்த்தேன். சாதாரண ரோலின் முதுகில் லேசான மினுக்கம் இருக்கும், இதுவோ அடுப்புக்கரி மாதிரி மங்கலான கறுப்பு. அம்மாவிடம் அப்பச்சோடா வாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இரண்டு துளி முதுகில் விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து வெள்ளை டிஷுவால் தேய்த்தேன். டிஷு கறுத்துவிட்டது. தெரிந்த கம்பனியின் சாதாரண ரோல் ஒன்றிலும் அதையே செய்தேன், இப்படிக் கரி வரவில்லை. புதுப் பெயரில் ஒரு ரோல் வாங்கினால் கமராவில் போடுமுன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கில் இதைச் செய்யுங்கள், படம் ஒன்றும் வீணாகாது. இதை மட்டும் ஜூலையில் செய்திருந்தால் அம்மம்மாவின் படங்கள் என்னிடம் இருந்திருக்கும்.

அடுத்தது ஓரத்துத் துளைகள். இதைப் பார்க்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது, ஏனென்றால் எல்லாத் துளையும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாக்குகளையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கம் பக்கமாக ஒட்டி, பழைய லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். சாதாரண ரோலின் துளை நீள்சதுரம், நான்கு மூலையும் உருண்டு மழுங்கியிருக்கும். என் மர்மப் பிலிமில் மேலும் கீழும் நேர்க்கோடு, பக்கங்கள் இரண்டும் பீப்பாய் போல வெளியே வளைந்திருந்தன, மூலைகள் கூர். அது பெல் அண்ட் ஹவல் துளை, சினிமாக் கமரா நெகட்டிவுக்கு உரியது. உயரமும் வேறு: சினிமாத் துளை 1.85 மில்லிமீட்டர், நம் ரோலின் துளை 1.98. இந்தத் துளையைக் கண்டால் சினிமாப் பிலிம் என்று தைரியமாகச் சொல்லலாம். காணாவிட்டால் மட்டும் எதையும் முடிவுகட்ட வேண்டாம், சினிமாக் குழம்பையே (பிலிமில் பூசுகிற, வெளிச்சத்தை உணர்கிற பூச்சு) சாதாரணத் துளையோடு வெட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நாக்கைக் கையால் கிழித்தும் பார்த்தேன், கிழிந்தது. கிழிந்தால் பிலிமின் அடி அசிடேட், எவ்வளவு இழுத்தாலும் கிழியாமல் நீண்டு கொடுத்தால் பொலியெஸ்டர். பொலியெஸ்டராக இருந்து, கழுவின பிறகு செம்மஞ்சள் நிறமும் இல்லாமல் அடி தெளிவாக இருந்தால், கோடக்கின் ஏரோகலர் என்ற வான்படப் பிலிமா என்று யோசியுங்கள். அதையும் பல பெயர்களில் சுற்றி விற்கிறார்கள். என்னுடையது அது இல்லை.

ஆனால் உறுதியான சாட்சி நாசமாய்ப்போன அந்த இரண்டு நெகட்டிவிலேயே இருந்தது. முதல் நாள் துக்கத்தில் படங்களை மட்டும்தான் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. சாதாரண 35 மில்லிமீட்டர் ரோலின் ஓரத்தில் 1, 1ஏ, 2, 2ஏ என்று பட எண்கள் ஓடும், கூடவே பிலிமின் வகையைச் சொல்கிற டிஎக்ஸ் பார்கோடும் வரும். அந்தக் கோடு கசட்டின் ஆறு இலக்க எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்: கசட் எண்ணின் நடு நான்கு இலக்கத்தைப் பதினாறால் வகுத்தால் வருகிற ஈவும் மீதியும்தான் ஓரத்தில் பதிந்திருக்கும். என் கசட்டில் எண் இருந்தது, நெகட்டிவ் ஓரத்திலோ பார்கோடும் இல்லை, பட எண்ணும் இல்லை. அதற்குப் பதிலாக அறுபத்துநாலு துளைக்கு ஒருமுறை, அதாவது எட்டுப் படத்துக்கு ஒருமுறை, எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட தொடர். அது சினிமா எடிட்டிங்குக்காக ஒவ்வோர் அடிக்கும் போடுகிற கீகோட். அதே ஓரத்தில் கரிப் புள்ளிகளுக்கு நடுவே 5219 என்ற எண்ணும் தெரிந்தது. 5219 என்றால் கோடக் விஷன்3 500டி. சினிமாக் கமராவுக்கு இன்று புதிதாகச் செய்கிற கலர் நெகட்டிவ் என்றாலே பெரும்பாலும் கோடக்தான், ஃபியூஜி 2013இல் அந்தத் தொழிலை விட்டுவிட்டது.

அந்த எண் கிடைத்ததும் மற்றக் கேள்விகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 500டியில் அந்த டி டங்ஸ்டன் விளக்கைக் குறிக்கிறது, 3200 கெல்வின் வெளிச்சத்துக்குச் சமன் செய்த பிலிம். பகல் வெயிலில் அப்படியே எடுத்தால் நீலம் ஏறும். ரதம் வரும்போது அம்மம்மா கட்டியிருந்த வெள்ளைச் சேலை நீலம் பாய்ந்ததற்கு அதுதான் காரணம், நான் லாபைச் சந்தேகித்திருந்தேன். செம்மஞ்சள் 85 பில்டர் போட்டு 320 வேகத்தில் எடுக்கச் சொல்லிக் கோடக்கின் தரவுத்தாளிலேயே இருக்கிறது, யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். பெட்டியில் 800 என்று போட்டது விற்றவரின் விருப்பம். அதை நம்பி எடுத்ததில் முக்கால் ஸ்டொப்புக்குக் கிட்ட வெளிச்சம் குறைந்து நிழலெல்லாம் சேறாகிவிட்டது.

சிவப்பு வளையம் இன்னொரு தடயம். வெளிச்சம் பிலிமை ஊடுருவி, கமராவின் பின்தட்டில் பட்டுத் திரும்பும்போது முதலில் தொடுவது அடியில் இருக்கிற சிவப்பு உணர்கிற அடுக்கை. அதனால்தான் விளக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசியும். கரிப் படலம் இருந்தால் அந்தக் கசிவு வராது. மூன்றாவது ரோலின் இரவுப் படங்களில் ஒரு விளக்கைச் சுற்றியும் வளையம் இல்லை. அப்படியானால் விற்பனையாளர் காட்டிய மாதிரிப் படங்கள் இந்தப் பிலிமில் எடுத்தவையே அல்ல, கரி எடுத்த பிலிமில் எடுத்தவை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான். அவருக்கு எழுதினேன். "உயர்தர சினிமாப் பிலிம்" என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு பதில் இல்லை.

பெயர் மாற்றி விற்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. கலர் பிலிம் பூசுவது பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளை முழு இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைக்கிற வேலை, அதைச் செய்கிற தொழிற்சாலைகள் உலகத்திலேயே கைவிரலுக்குள் அடங்கும். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் கோடக், ஜப்பானில் ஃபியூஜி, 2023 கடைசியில் பீனிக்ஸ் என்று முதல் கலர் பிலிமை வெளியிட்ட இங்கிலாந்தின் ஹார்மன், ஜெர்மனியிலும் சீனாவிலும் ஓரிரண்டு. மற்றப் பெயர்கள் அநேகமாக எல்லாம் இவர்களில் ஒருவரின் பிலிம்தான். அக்ஃபாஃபோட்டோ 2005இல் நொடித்த பிறகு அந்தப் பெயரில் வந்த விஸ்டா பிளஸ் ரோலுக்குள் இருந்தது ஃபியூஜியின் பிலிம். பிறகு ஃபியூஜி 200 பெட்டியிலேயே அமெரிக்காவில் செய்தது என்று வந்தது, அதன் தரவுத்தாளை எடுத்துக் கோடக் கோல்ட் 200இன் வளைகோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சினிஸ்டில் என்ற கம்பனியின் 800டி இதே 5219தான், ஆனால் அவர்கள் ரெம்ஜெட்டை எடுத்து, எடுத்ததாகச் சொல்லியும் விற்கிறார்கள். என்ன பிலிம், எந்த முறையில் கழுவுவது, கரி எடுத்ததா, கசட் புதியதா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்கிறவரிடம் எந்தப் பெயரில் இருந்தாலும் வாங்கலாம். பெட்டியில் எங்கே செய்தது என்று தேடும்போது பொதி செய்த நாட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது ரோலைக் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பனின் குளியலறையில் நாங்களே கழுவினோம். ரசாயனத்தில் என் பாதி 6,500 ரூபா. சரியான ஈசிஎன்-2 டெவலப்பர் 41.1 பாகையில் மூன்று நிமிஷம், அது எங்களிடம் இல்லை, அதனால் சி-41தான். முதலில் அப்பச்சோடா கரைத்த வெந்நீரைத் தொட்டியில் விட்டு ஒரு நிமிஷம் பலமாகக் குலுக்கி ஊற்றினோம், கரி கரைத்த தண்ணீர் போல வந்தது. தெளியும்வரை ஐந்து தடவை. அப்புறம் 37.8 பாகையில் மூன்றேகால் நிமிஷம். கடைசியில் ஈரப் பஞ்சால் முதுகைத் துடைத்தபோது இன்னும் கொஞ்சம் கரி வந்தது. நிறங்களில் கடுமை கூடியிருந்தது, ஆனாலும் படம் படமாக இருந்தது. அதே கரைசலில் அம்மம்மாவின் நெகட்டிவ்களையும் ஊறப்போட்டுத் துடைத்தேன். முதுகில் இருந்த இழுவல் போய்விட்டது, முன்பக்கக் குழம்பில் பதிந்த புள்ளிகள் போகவில்லை. அவர் கண்ணைத் துடைக்கிற படத்தில் சரியாகக் கன்னத்தின் மேல் மூன்று புள்ளி.

கூட்டிப் பார்த்தால் ரோல் 21,000, கூரியர் 450, நானாவுக்கு 28,000, ரசாயனம் 6,500, மொத்தம் 55,950 ரூபா, ஓகஸ்டிலிருந்து நவம்பர் வரை நாலு மாத வார இறுதிகள். நானா இப்போது தெரியாத பெயரில் யார் ரோல் கொண்டுவந்தாலும் மேசைக்குக் கீழிருந்து சோடாத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறார். கசட்டின் வாயை நெம்பிக் கொஞ்சம் பிலிமை இழுத்து, முதுகைத் தேய்த்து, டிஷுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பில் எழுதுகிறார்.

ஐந்தாவது ரோல் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டு வெள்ளைத் தாள் ஒட்டி எழுதியிருக்கிறேன்: 5219, கரி உண்டு, லாபுக்குக் கொடுக்காதே, வெயிலில் பில்டரோடு 320. அம்மம்மா தைப்பொங்கலுக்கு வருகிறார். 85 பில்டர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், 49 மில்லிமீட்டர் அளவு, புறக்கோட்டையில் எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள்.